இந்து சமயச் சீர்திருத்தம்: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதியில் தேவாரம் படிக்க வரும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சில, பாடப்புத்தகம் படித்துவிட்டு வந்தவை. சில, தைப்பூசத்துக்கு மறுநாள் பள்ளியில் சீன, மலாய் நண்பர்கள் எதையோ கேட்க, பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடத்தில் அதை மறைக்கவில்லை.

சீர்திருத்த இயக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சமயத்துக்குள்ளேயே நின்று, "இந்த வழக்கம் நம்ம கடவுளுக்கே அடுக்காது" என்று சொல்லி, சொன்னதோடு விடாமல் ஆள் சேர்த்து, சங்கம் வைத்து, பள்ளிக்கூடமோ சோற்றுச் சாலையோ நடத்தி, வழக்கத்தை மாற்றிக் காட்டிய முயற்சிகளைத்தான் சொல்கிறேன். உருவ வழிபாடு வேண்டுமா, வேதம் மட்டும் போதுமா, ஆகமம் எதைச் சொல்கிறது என்றெல்லாம் நிறைய வாதம் நடந்திருக்கிறது. அவற்றைப் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் நான் ஒரு இயக்கத்தை எடைபோடுவது வேறு விதமாக. அதற்கு முன்னால் வெளியே நிறுத்தப்பட்டவர் அதற்குப் பிறகு உள்ளே வந்தாரா? பசித்தவருக்குச் சாப்பாடு கிடைத்ததா? பெண்பிள்ளை படித்தாளா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று வந்தால், தத்துவத்தில் ஆயிரம் ஓட்டை இருந்தாலும் அது எனக்குப் பெரிய இயக்கம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு, அவர்களைப் பார்த்துத் தொடங்கியதுதானே?

சங்கம், தலைவர், செயலாளர், அச்சுப் பத்திரிகை என்ற அமைப்பு 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அதில் ஐரோப்பியத் தாக்கம் உண்டு. கேள்வி மட்டும் நம்முடையது, மிகப் பழையது. சித்தர்கள் சாதியையும் சடங்கையும் கேட்காத கேள்வி இல்லை. ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, ரகசியமாகக் காக்கச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே சொன்னார் என்பது வைணவ மரபு. கர்நாடகத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே பசவர் சாதி வேறுபாட்டை மறுத்து ஒரு பெரும் கூட்டத்தையே திரட்டினார்.

நந்தனார் கதையை இங்கே சேர்க்கலாமா என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர் நாயன்மார் வரிசையில் நிற்கிறார், அது பெரிய விஷயம்தான். ஆனால் தில்லைக்குள் போக அவர் மட்டும் ஏன் தீக்குள் இறங்கி வர வேண்டியிருந்தது என்று அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள். பக்தி அவருக்கு இடம் கொடுத்தது. வாசலைத் திறந்து வைக்கவில்லை. பின்னால் வந்த இயக்கங்கள் அந்த வாசலைத்தான் தட்டின.

பிரம்ம சமாஜம், ஆரிய சமாஜம் என்று பாடத்தில் வருகிறதே?

சுருக்கமாகச் சொல்கிறேன், இவற்றைப் பற்றி எல்லா இடத்திலும் கிடைக்கும். 1828ல் ராஜாராம் மோகன்ராய் வங்காளத்தில் பிரம்ம சமாஜத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே உடன்கட்டை ஏறுதல் சட்டப்படி தடை செய்யப்பட்டதில் அவருடைய எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஈசுவரசந்திர வித்யாசாகரின் உழைப்பால் 1856ல் விதவை மறுமணம் சட்டமானது. 1873ல் மராட்டியத்தில் ஜோதிராவ் புலே சாதி ஒடுக்குமுறையை எதிர்த்துச் சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். 1875ல் தயானந்த சரஸ்வதி பம்பாயில் ஆரிய சமாஜத்தை நிறுவி, உருவ வழிபாடு வேண்டாம், வேதமே போதும் என்றார். ஆரிய சமாஜம் சிங்கப்பூருக்கும் வந்தது. லிட்டில் இந்தியாவில் சையது ஆல்வி சாலைப் பக்கம் போனால் பார்க்கலாம். வட இந்தியக் குடும்பங்கள்தான் அங்கே அதிகம் போகும்.

தமிழ்ப் பக்கத்தில் யார் யார்?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல ஆசை. நம் பிள்ளைகளுக்கு ராய் பெயர் தெரிகிறது, வைகுண்டர் பெயர் தெரியவில்லை.

அய்யா வைகுண்டர் 1809ல் கன்னியாகுமரிப் பக்கம், அன்றைய திருவிதாங்கூர் அரசில் பிறந்தவர். தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்டவர்கள் அங்கே தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மேலாடை போடக் கூடாது. அவர் தன்னைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கருவறையில் சிலை இருக்கும் இடத்தில் கண்ணாடி இருக்கும். கும்பிடப் போனவன் தலைப்பாகையோடு நிற்கும் தன் முகத்தைப் பார்க்கிறான். தலை நிமிரவே கூடாது என்று வளர்க்கப்பட்டவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அவர் வழியில் நடப்பவர்களில் பலர் இன்று தங்களைத் தனிச் சமயம் என்றே சொல்கிறார்கள். அது அவர்கள் முடிவு.

வள்ளலார் 1823ல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தவர். 1865ல் சன்மார்க்க சங்கம், 1867ல் வடலூரில் சத்திய தருமச்சாலை, 1872ல் சத்திய ஞானசபை. தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்காமல், சமயம் கேட்காமல், பசி என்று வந்தால் சோறு. ஞானசபையில் சிலை கிடையாது. ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கினால் உள்ளே ஜோதி. அந்த ஜோதி தரிசனத்துக்குப் பெரிய நாள் தைப்பூசம். நாம் சிராங்கூன் சாலையிலிருந்து காவடியோடு நடக்கும் அதே நாளில் வடலூரில் லட்சக்கணக்கானோர் விளக்கின் முன்னால் நிற்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண் விரியும்.

மூன்றாமவர் ஸ்ரீ நாராயண குரு. கேரளத்துக்காரர், ஆனால் தமிழும் நன்கு அறிந்து தமிழிலும் பாடியவர். 1888ல் சிவராத்திரி இரவில் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் அல்லாத ஒருவர் எப்படிப் பிரதிஷ்டை செய்யலாம் என்று கேட்டவர்களிடம், நான் வைத்தது ஈழவச் சிவன் என்று சொன்னதாகச் சொல்வார்கள். ஈழவர் என்பது தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட அவருடைய சாதி. சண்டை போடாமல், கூச்சல் போடாமல், காலங்காலமாக இருந்த ஒரு தடையை அந்த ஒரு ராத்திரியில் தாண்டினார். மனிதனுக்கு ஒரே சாதி, ஒரே மதம், ஒரே தெய்வம் என்பதே அவர் போதனையின் சாரம். பின்னாளில் களவங்கோட்டில் அவரும் கண்ணாடியைத்தான் பிரதிஷ்டை செய்தார்.

அவர் பெயரால் இங்கே ஸ்ரீ நாராயண மிஷன் 1948லிருந்து இயங்குகிறது. ஈசூனில் அவர்கள் நடத்தும் தாதிமை இல்லத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார்கள். கொள்கை விளக்கம் கேட்கும் பிள்ளைகளை அங்கே தொண்டூழியத்துக்குப் போய்வரச் சொல்வேன். ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தால் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டியதில்லை.

வள்ளலாரும் ஆறுமுக நாவலரும் சண்டை போட்டார்களாமே?

ஆமாம், கடுமையான சண்டை. வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் 1867ல் அச்சேறின. தேவார திருவாசகத்தோடு அவற்றைச் சமமாக வைப்பது தகாது, அது அருட்பா அல்ல, மருட்பா, அதாவது மயக்கத்தில் பிறந்த பாட்டு என்று யாழ்ப்பாணத்து நாவலர் எழுந்தார். துண்டுப் பிரசுரம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று வளர்ந்து மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருவரும் போன பிறகும் சீடர்கள் பல பத்தாண்டுகள் விடவில்லை.

இங்கே சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலோடு தொடர்புள்ள யாழ்ப்பாணக் குடும்பங்கள் நாவலரைத் தெய்வமாக மதிக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. மிஷனரிப் பள்ளிக்குப் போனால்தான் படிப்பு என்றிருந்த காலத்தில் 1848லேயே சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், பழைய நூல்களைப் பிழையில்லாமல் அச்சிட்டார், கோயில்களில் உயிர்ப்பலியைக் கண்டித்தார். பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்குக் கஞ்சி ஊற்றினார். சாதி விஷயத்தில் மட்டும் அவர் பழமையை விடவே இல்லை. அந்த ஓர் இடத்தில் நான் வள்ளலார் பக்கம். மற்றபடி இருவரில் யாரையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. பஞ்ச காலத்தில் இரண்டு பேர் வாசலிலும் அடுப்பு எரிந்தது.

விவேகானந்தர் சிங்கப்பூருக்கு வந்தாரா?

வந்தார். 1893ல் சிகாகோவுக்குப் போகும் வழியில் கப்பல் பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஜப்பான் போனது. இங்கே இறங்கி அருங்காட்சியகத்தையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்திருக்கிறார். யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிடுகிறார்.

1897ல் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷனின் கிளை 1928ல் சிங்கப்பூரில் அமைந்தது. 1930களில் நாரிஸ் ரோட்டில் ஆண்பிள்ளைகளுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்பிள்ளைகளுக்குச் சாரதாதேவி பெயரிலும் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று வீட்டில் யோசித்த காலம் அது. பிறகு பார்ட்லி ரோட்டில் ஆதரவற்ற பையன்களுக்கு இல்லம், பாலர் பள்ளி என்று விரிந்தது. ஏழைக்குச் செய்யும் தொண்டே இறைவழிபாடு என்ற விவேகானந்தரின் பேச்சு இங்கே பள்ளிக்கூடமாகவும் விடுதியாகவும் நின்றது.

சிங்கப்பூரிலேயே பிறந்த சீர்திருத்த இயக்கம் உண்டா?

உண்டு. 1932ல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கம். அதன் முன்னோடிகளில் முக்கியமானவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903ல் பிறந்து, 1924ல் கப்பலேறி இங்கே வந்தவர். பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரிலும் பேசிய சூடு இன்னும் ஆறாத நேரம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் நகராட்சியிலும் வேலை செய்த தமிழர்கள், சாதியையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குடியும் கடனும் கூடவே இருந்தன. சங்கம் இவற்றை எதிர்த்துப் பேசியது. கள் வேண்டாம், சாதி வேண்டாம், திருமணத்தில் வீண் செலவு வேண்டாம், பெண்களைப் படிக்க வையுங்கள் என்றது. அந்தக் குரலாக 1935ல் தமிழ் முரசு பிறந்தது. இன்றும் அது நாளிதழாக வருகிறது.

சாரங்கபாணி பேசியதை வாழ்ந்தும் காட்டினார். அவர் மணந்தது ஒரு சீனப் பெண்ணை. பின்னாளில் 1952ல் பொங்கலைத் தமிழர் திருநாளாகப் பெரிய அளவில் கொண்டாட வைத்தார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிந்து கிடக்கும் தமிழர்கள் சாதி மதம் பாராமல் ஒன்றாக நிற்க ஒரு நாள் வேண்டும் என்பதே நோக்கம். பொங்கலன்று நாம் பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் எல்லா சமயத்துத் தமிழரோடும் சேர்ந்து பானை வைப்பதில் அவர் கை இருக்கிறது.

பெரியாரை இந்து சமயச் சீர்திருத்தவாதி என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது, அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் கேட்டது திருத்தம் அல்ல, விடுதலை. கடவுளும் மதமும் இருக்கும் வரை சாதி போகாது என்பது அவர் முடிவு. அம்பேத்கர் 1930ல் நாசிக் காலாராம் கோயிலுக்குள் நுழையப் போராட்டம் நடத்தினார். பல ஆண்டு முயன்றும் வாசல் திறக்காததைப் பார்த்துவிட்டு, 1956ல் லட்சக்கணக்கானோரோடு பௌத்தத்துக்குப் போனார்.

நான் விபூதி பூசுகிறவன். ஆனாலும் பிள்ளைகளுக்கு இந்த இருவரைப் பற்றியும் சொல்லாமல் விடுவதில்லை. வீட்டை விட்டு ஒருவர் கோபித்துக்கொண்டு போனால், போனவரைத் திட்டுவதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1924-25ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியாரும் சிறை போனார், நாராயண குருவும் ஆதரவு தந்தார். கடவுள் இல்லை என்றவரும் கடவுளை வைத்தவரும் ஒரே தெருவுக்காக நின்றிருக்கிறார்கள். 1936ல் திருவிதாங்கூர்க் கோயில்கள் திறந்தன, 1939ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனார்.

சீர்திருத்தக்காரர்கள் எதிர்த்தும் அலகு காவடியும் தீமிதியும் ஏன் நிற்கவில்லை?

தமிழர் சீர்திருத்தச் சங்கம் அலகு குத்துவதையும் தீ மிதிப்பதையும் எதிர்த்தது உண்மை. மற்ற இனத்தவர் முன்னால் நம்மைக் காட்டுமிராண்டியாகக் காட்டுகிறது என்ற வருத்தமும் அதில் இருந்தது. அந்த இடத்தில் அவர்கள் கணக்குத் தப்பியது என்று நினைக்கிறேன். கூலிக்கு வந்த மனிதனுக்கு ஆண்டு முழுவதும் மேஸ்திரி சொன்னதுதான் சட்டம். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, தானே முடிவெடுத்து, தன் உடம்பைத் தானே காணிக்கையாக்கி, பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடுச்சாலையில் அவன் நடக்கும் அந்த ஒரு நாள் அவனுடையது. அதைப் பிடுங்க நினைத்தால் யார் கொடுப்பார்?

அதோடு, காவடி எடுக்க யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. தேங்க் ரோட்டுக் கோயில் 1859ல் நகரத்தார் கட்டியது. அங்கே வந்து சேரும் காவடிகளில் எல்லா ஊரும் எல்லாச் சாதியும் உண்டு, சீனர்கள் எடுக்கும் காவடியும் உண்டு. விரதம் இல்லாமல் ஆரவாரத்துக்காக எடுப்பது வேறு விஷயம். அதைக் கண்டிக்கலாம், பெரியவர்களே கண்டிக்கிறார்கள்.

முனீஸ்வரனுக்குச் சுருட்டும் கோழியும் படைத்தது நின்றுபோனதும் சீர்திருத்தம்தானா?

தாத்தாக்கள் கேட்கும் கேள்வி இது. ரயில்வே ஊழியர்கள், எஸ்டேட் தொழிலாளிகள் மரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிட்ட தெய்வங்கள் இங்கே நிறைய. குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயிலின் வேர் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறது. பூசாரி அவர்களில் ஒருவர். மந்திரம் கிடையாது, உடுக்கையும் பாட்டும்தான். நகரம் மாற மாற, மரத்தடிகள் போயின. கட்டிக் குடமுழுக்கு செய்த கோயில்களில் ஆகம முறைப் பூசை வந்தது, குருக்கள் வந்தார், பலி போனது.

உயிர்ப்பலி போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதோடு பூசாரியும் போனார். பிராமணர் அல்லாத ஓர் உழைப்பாளி தன் சாமிக்குத் தானே பூசை செய்த உரிமை, சுத்தம் என்ற பெயரில் கைநழுவியது. நாராயண குரு கல்லை வைத்து வாங்கித் தந்த உரிமையை இங்கே நாமே சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இதை யாரும் சீர்திருத்தக் கணக்கில் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

கோயில்களை அரசாங்கம் நடத்துகிறதா?

1905ல் காலனி அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கு ஒரே வாரியம் அமைக்கச் சட்டம் போட்டது. கணக்கு வழக்கு ஒழுங்கில்லை என்ற புகார்கள்தான் காரணம். 1960களின் இறுதியில் இந்து அறக்கட்டளை வாரியம் தனியாக அமைந்தது. 1827ல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில், சிவன் கோயில், வைரவிமடக் காளியம்மன் கோயில் ஆகிய நான்கும் அதன் நிர்வாகத்தில் உள்ளன. மற்றவை அவரவர் செயற்குழுக்கள் நடத்துபவை.

தமிழில் அர்ச்சனை கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், கேட்டால் செய்யும் குருக்கள் உண்டு. தமிழ்நாட்டில் இது மறைமலை அடிகள் காலத்திலிருந்து நடக்கும் விவாதம். குன்றக்குடி அடிகளார் ஒரு மடத்தின் தலைவராகவே இருந்துகொண்டு தமிழ் வழிபாட்டுக்கும் சாதி ஒழிப்புக்கும் குரல் கொடுத்தார். 2020ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு தமிழிலும் வடமொழியிலும் நடந்தது. 2021ல் பயிற்சி பெற்ற பல சாதியினர் அங்கே அரசு நிர்வகிக்கும் கோயில்களில் அர்ச்சகர் ஆனார்கள்.

எனக்கு வடமொழி மேல் கோபம் இல்லை. ஆனால் சம்பந்தர் பாடியதைக் கேட்டுச் சாமி இறங்கி வந்தார் என்று நம்புகிறவர்கள், அதே தமிழில் பெயர் நட்சத்திரம் சொல்லத் தயங்குவது எனக்குப் புரியவில்லை. இங்கே திருமுறை மாநாட்டுப் போட்டிகளுக்காகப் பிள்ளைகள் பதிகம் மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசும் பையன் 'தோடுடைய செவியன்' என்று பண்ணோடு தொடங்கும்போது பின்வரிசையில் இருக்கும் பாட்டிகள் தானாகவே கூடப் பாடுவார்கள்.

பெண்களுக்கு என்ன மாறியது?

நிறைய மாறியது, எல்லாம் மாறவில்லை. 1961ல் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்தபோது முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பலதார மணம் முடிவுக்கு வந்தது. ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி என்ற வழக்கத்துக்கு அது வைத்த முற்றுப்புள்ளி எந்த உபந்நியாசத்தையும்விடப் பெரியது.

கோயில் செயற்குழுக்களிலும் திருமுறை வகுப்புகளிலும் பெண்கள் முன்னால் இருக்கிறார்கள். தீமிதியில் மாரியம்மன் கோயில் குழியில் இறங்குவது இன்றும் ஆண்கள்தான். பெண்கள் கும்பிடுதண்டம் போடுகிறார்கள் (அடிக்கடி விழுந்து கும்பிட்டபடி கோயிலை வலம் வருவது), தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கிறார்கள். கும்பிடப்படுவது திரௌபதி அம்மன். அவள் நடந்த தீயில் அவள் பெண்கள் ஏன் நடக்கக் கூடாது என்று என் மகள் வயதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, கோயில்காரர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது.

ஐயர் இல்லாமல் திருமணம் செய்தால் செல்லுமா?

சிங்கப்பூரில் சட்டப்படி செல்லுபடியாவது திருமணப் பதிவு. உரிமம் பெற்ற திருமணப் பதிவாளர் முன் நடந்தால் போதும். அதன் மேல் ஓமம் வளர்ப்பதோ, திருமுறை ஓதித் தாலி கட்டுவதோ, குறள் சொல்லி மாலை மாற்றுவதோ உங்கள் விருப்பம். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு 1967ல் அண்ணா ஆட்சியில்தான் வந்தது.

சிங்கப்பூரில்தான் சாதி இல்லையே, இன்னும் ஏன் இதைப் பேச வேண்டும்?

கோயில் வாசலில் இல்லை, பள்ளியில் இல்லை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று குலுக்கலும் அரசின் இன விகிதமும் முடிவு செய்கின்றன. அந்த அளவில் நம் முன்னோர் கனவு கண்டது நடந்திருக்கிறது. ஆனால் புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயில் அன்னதான வரிசையில் நான் பார்த்தது இது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி, கையில் தட்டு. முன்னால் நின்ற பெரியவர் அன்பாகத்தான் தொடங்கினார். "எந்த ஊரு தம்பி?" "பட்டுக்கோட்டைப் பக்கம்ண்ணே." "பட்டுக்கோட்டையில எங்க?" கிராமத்தின் பெயர் வந்தது. "அங்க எந்தத் தெரு?" அந்தப் பையன் தட்டைப் பார்த்தபடி, "ரோட்டோரம்தான்ண்ணே" என்றான். அப்புறம் அவர் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை நிமிரவும் இல்லை.

பெண் பார்க்கும்போது இதே தெருக் கேள்வி வேறு குரலில் வரும். படிப்பு, வேலை, வீடு எல்லாம் பேசி முடித்த பிறகு, "நம்ம ஆளுங்கதானே?" என்று ஒரு அத்தை மெதுவாகக் கேட்பார். சட்டத்தால் தொட முடியாத இடம் இது. வீட்டுக்குள் மட்டுமே மாற்ற முடியும்.

இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசினால் சமய நல்லிணக்கச் சட்டத்தில் சிக்கல் வருமா?

1990ல் இயற்றிய அந்தச் சட்டம் சமயங்களுக்கு இடையே பகையும் வெறுப்பும் மூட்டுவதைத் தடுக்க வந்தது. நம் வழக்கத்தைப் பற்றி நமக்குள் மரியாதையாகப் பேசுவது அந்த வகையில் சேராது. அடுத்தவர் சமயத்தை இழுக்காமல் பேசுங்கள். ஆரிய சமாஜத்துத் தயானந்தர் தம் 'சத்யார்த்த பிரகாஷ்' நூலின் கடைசி அத்தியாயங்களில் பிற சமயங்களைக் கடுமையாகத் தாக்கினார். அந்தப் பாணி இந்த ஊருக்கு ஆகாது, ஆகவும் வேண்டாம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சீன ஆண்ட்டிமார் அங்கே கும்பிட்டுவிட்டு இங்கேயும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் இந்துக்கள் 5.0 விழுக்காடு. மற்றவர்களின் நல்லெண்ணத்தோடுதான் சாலையில் தேர் இழுக்கிறோம்.

என் பிள்ளை "நாம என்ன சாதி?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை வேறு யாரிடமாவது கேட்கும், பெரும்பாலும் பெருமையாகச் சொல்கிற யாரிடமாவது. உங்கள் தாத்தா எந்த ஊர், எந்த வேலைக்கு வந்தார், அந்த ஊரில் யார் யாரைத் தெருவுக்குள் விடவில்லை, நம் ஆட்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் கதவைச் சாத்தியவர்களாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும். அப்புறம் வைகுண்டரின் தலைப்பாகையையும் அருவிப்புறத்துக் கல்லையும் சொல்லுங்கள். அடுத்த முறை அன்னதானத்துக்குப் போகும்போது, பரிமாறும் வரிசையில் பிள்ளையின் கையில் ஒரு கரண்டியைக் கொடுங்கள்.